19 பூனையும் ஒரு பழைய ஷெட்டும்: கரும்புத் தோட்டத்து அனுபவம்

டோங்காட்காரன்:

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தது இது. எனக்கு ஊரு தூத்துக்குடி பக்கம், இங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கத்துல டோங்காட்ல டிராக்டர் ஹைட்ராலிக் ரிப்பேர் வேலை, சுத்துப்பட்டு கரும்புத் தோட்டத்துல என் கால் படாத ஷெட்டு கம்மி. 2023 ஏப்ரல்ல ஒரு தோட்டத்துக்கு வேலையா போனேன். ஓனர் கரும்பை எடுத்துட்டு மெக்கடேமியா வைக்கப்போறாராம், பழைய ஷெட்ட இடிக்கணும், ஷெட்டுக்கு அடியிலயும் கூரையிலயும் பூனை. எத்தனைன்னு கேட்டேன், பத்து இருக்கும்ங்குறாரு. பின்னாடி நின்ன இந்துனா (தோட்டத்து மேஸ்திரிய இங்க அப்படித்தான் சொல்லுவாங்க) சிரிச்சுக்கிட்டே ரெண்டு கையையும் ரெண்டு தடவ விரிச்சு காமிச்சாரு. (கடைசியில எண்ணுனா 19, இந்துனா கணக்குதான் சரி.) மாசக் கடைசிக்குள்ள யாரும் கொண்டுபோகலேன்னா துப்பாக்கிதான்னு ஓனர் சொன்னாரு. கோவமாக்கூட சொல்லல, டீசல் தீர்ந்துபோச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னாரு.

நான் பூனைப் பிரியன்லாம் கெடையாது. ஆனா அன்னைக்கு என்ன தோணுச்சோ, சாக்குமூட்டை மேல படுத்திருந்த ஒரு சாம்பக்குட்டி, ஆறு ஏழு மாசம் இருக்கும், அது மேல ஜாக்கெட்ட போட்டு அமுக்குனேன். கட்டைவெரல்ல பல்லு எறங்கிருச்சு. இங்க நடால் பக்கம் வெறிநோய் உண்டு, அதனால நாய்க்கும் பூனைக்கும் ஊசி போடணும்னு சட்டமே இருக்கு, ஆனா தோட்டத்துப் பூனைக்கு யாரு போடுறா. பக்கத்து வீட்டு ஆயா என்னைத் திட்டிக்கிட்டே சோப்பு போட்டு கால் மணி நேரம் குழாயில கைய கழுவ வச்சாங்க, அப்புறம் கிளினிக்குக்கு ஓடி முதல் ஊசி, அப்புறம் 3, 7, 14ன்னு நாள் கணக்குல மிச்ச ஊசி. பூனைய பத்து நாள் அடைச்சு வச்சு கண்காணிக்கணும்னும் சொல்லிட்டாங்க, வீட்டு ஸ்டோர் ரூம்ல அடைச்சேன். பத்து நாளும் அதோட மூஞ்சிய நான் முழுசா பாத்ததில்ல, ராத்திரி தட்டு காலியாகும் அவ்வளவுதான். நோய் இல்ல. பன்னெண்டாவது நாள், சரி பழகியிருக்கும்னு கதவத் தொறந்தேன், காலுக்கு நடுவுல பூந்து போனது போனதுதான், இன்னிக்கு வரைக்கும் வரல.

அப்பதான் ஒரு விலங்கு நலக் குழுவுல கேட்டேன், அவங்க சொன்னது சுருக்குன்னு இருந்துச்சு: காட்டுல வளந்த பெரிய பூனைய நீ மடியில வைக்க முடியாது, அதுக்கு வேண்டியது வீடு இல்ல, எலி புடிக்க ஆள் தேடுற இன்னொரு ஷெட்டு. கூண்டு ரெண்டு கடனா குடுத்தாங்க.

கூண்டு வைக்கிறது ஒரு தனிப் பொறுமை. வச்ச உடனே மாட்டாது. ஒரு வாரம் கதவ கம்பி போட்டு கட்டி தொறந்தே வச்சு, தெனமும் அதே நேரத்துக்கு உள்ள சாப்பாடு, அப்புறம் ஒரு நாள் பட்டினி, அடுத்த சாயங்காலம் கம்பிய எடுத்துட்டு லக்கி ஸ்டார் பில்சர்ட்ஸ் மீன் டப்பா ஒண்ண தொறந்து வச்சா போதும். மாட்டுன உடனே மேல துணியப் போட்டு மூடிடணும், இருட்டாயிட்டா அடங்கிரும், இல்லேன்னா கம்பில மோதி மூக்க ரத்தமாக்கிக்கும். மூணாவது ராத்திரி கூண்டு தடால்னு விழுந்துச்சு, டார்ச் அடிச்சா பூனையே இல்ல, நீட்டு ஒடம்பு, புள்ளி புள்ளியா, வால் பூரா வளையம். ஜெனெட்! நம்மூரு மரநாய் மாதிரி ஒண்ணு, அப்படி ஒரு நாத்தம். கம்பால கதவத் தள்ளி விட்டேன், ஒரே தாவுல அவகாடோ மரத்துல ஏறிருச்சு. மறுநாளும் அதே ஜெனெட் அதே மீனுக்கு வந்து மாட்டுச்சுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க.

ஆபரேஷன்தான் பெரிய தலைவலி. ஸ்டேஜ் 6 லோட் ஷெடிங், அதான் மொறை வச்சு கரண்ட் கட் பண்ற நேரம், டாக்டர்கிட்ட தேதி வாங்குவோம், கரண்ட் போயிரும், அப்புறம் அடுத்த வாரம். பூனை அதுக்காக காத்துக்கிட்டு இருக்குமா? கெர்ப்பம் ரெண்டு மாசந்தான், நாலஞ்சு மாசக் குட்டியே சினையாயிரும், பால் குடுத்துக்கிட்டு இருக்கும்போதே அடுத்ததும் வந்துரும். கருத்தடை, வெறிநோய் ஊசி, அடையாளத்துக்கு காது நுனி வெட்டு, மூணும் ஒரே மயக்கத்துல முடிச்சிருவாங்க. ஒரு கடுவனுக்கு மட்டும் வாயெல்லாம் புண்ணாகி தின்னவே முடியாம இருந்துச்சு, அத டாக்டர் ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வச்சிட்டாங்க. அன்னைக்கு வண்டிய ஸ்டார்ட் பண்ணவே மனசு வரல.

குட்டிங்க ஆறு. அத பத்தி சேட்ஸ்வர்த் அக்கா சொல்லட்டும், அவங்க கையிலதான் வளந்துச்சு.

சேட்ஸ்வர்த் அக்கா:

தம்பி, எனக்கு எழுத்துப்பிழை வரும், கோயில் பள்ளிக்கூடத்துல ஞாயித்துக்கிழமை படிச்ச தமிழ்தான். குட்டிங்க வந்தப்போ ஆறு வாரம், அதான் அதிர்ஷ்டம். ரெண்டு வாரத்துலேர்ந்து ஏழு வாரத்துக்குள்ள மனுஷக் கை பட்டா பழகிடும், அதுக்கு மேல போகப் போக கஷ்டம். நான் பெரிசா ஒண்ணும் பண்ணல, பாத்ரூம்ல விட்டுட்டு கோழிக்கறி அரைச்சு விரல்ல தடவி நீட்டுவேன், மொதல்ல சீறும், பசிச்சா வரும். என் பேத்தி பக்கத்துல உக்காந்து சத்தமா பாடம் படிப்பா, மனுஷக் குரல் பழகணும்ல. அஞ்சு குட்டி பத்து நாள்ல மடிக்கு வந்துருச்சு. ஒரு கறுப்பி மட்டும் ஒரு மாசம் வாஷிங் மெஷின் பின்னாடியே குடியிருந்தா, இப்ப அவதான் என் தலகாணி. மிச்ச அஞ்சும் தெரிஞ்ச வீடுங்களுக்குத்தான் போச்சு. சும்மா கேக்குறவங்களுக்கு நான் குடுக்க மாட்டேன், வீட்ட வந்து பாப்பேன், கோவிச்சுக்கிட்டவங்களும் உண்டு.

மிட்லண்ட்ஸ் குதிரைலாயம்:

பெரிய பூனை பத்துல நாலு நடால் உள்பக்கம் மிட்லண்ட்ஸ்ல இருக்குற எங்க லாயத்துக்கு வந்துச்சு, மிச்சம் பக்கத்துல ரெண்டு பால் பண்ணைக்கு, ரெண்டு ரெண்டாத்தான் போச்சு. தோட்டத்துலயே ஒண்ணா திரிஞ்ச ஜோடின்னா புது எடத்துல சீக்கிரம் தங்கும். அண்ணன் பக்கில (பிக்கப் வண்டி) ஏழு கூண்டு அடுக்கிக்கிட்டு என்3 ரோடு ஏறி வந்தாரு, நாட்டிங்ஹாம் ரோடுங்குற எங்க ஊரு வர்றதுக்குள்ள வண்டி மணத்த மணம் இருக்கே!

எல்லாரும் பண்ற தப்பு, வந்த அன்னைக்கே தொறந்து விடுறது. பழைய எடத்த தேடிக் கெளம்பிரும், வழியில வண்டில அடிபடும். நாங்க தீவன ரூம்ல பெரிய கூண்டு கட்டி நாலு வாரம் உள்ளயே வச்சோம், ஒளிஞ்சுக்க பெட்டி, சாப்பாடு வைக்கும்போது தெனமும் ஒரே விசில். இப்ப விசில் அடிச்சா கூரையிலேர்ந்து நாலும் எறங்கும், தொட விடாது, தொடவும் வேணாம். எலி மருந்து வைக்கிறத நிறுத்திட்டேன், மருந்து தின்ன எலிய பூனை தின்னா பூனையும் போயிரும்.

இன்னொரு விஷயம், காது வெட்டாத, அதாவது கருத்தடை ஆகாத பூனைய நான் வாங்கவே மாட்டேன். இரக்கம் இல்லாம இல்ல. தெக்கால நடுக்கடல்ல இருக்குற நம்ம நாட்டு மேரியன் தீவு கதை தெரியும்ல, அங்க வானிலை நிலையத்துல எலிக்காக 1949ல 5 பூனை கொண்டுபோனாங்க, 1977ல 3,400 கிட்ட ஆயிருச்சு, கடல் பறவைங்கள வருஷத்துக்கு லட்சக்கணக்குல தின்னுச்சு, கடைசிப் பூனைய எடுக்க 1991 ஆச்சு. இங்க மலைப்பக்கம் நெசமான காட்டுப்பூனையும் இருக்கு, நீட்டுக்காலு, காதுக்குப் பின்னாடி செம்பட்டை, அதோட இது கலந்தா அந்த இனமே கரைஞ்சு போயிரும்.

டோங்காட்காரன்:

மணத்த பத்தி பேசாத தம்பி, சீட்ட மூணு தடவ கழுவுனேன்.

கணக்கு பாத்தவங்களுக்கு: ஓடுனது 1, குட்டி 6, பெரிசு 10, செத்தது 1. பத்தொன்பதாவது ஒத்தைக்கண்ணு கெழவி, மாட்டவே இல்ல. பில்சர்ட்ஸ் வேணாம், கோழி வேணாம், கூண்டுக்கு வெளிய உக்காந்து உள்ள மாட்டுனதுங்கள வேடிக்கை பாக்கும். மாசக் கடைசிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது ஆயா நெத்திலிக் கருவாட்ட சுட்டுக் குடுத்தாங்க, பத்து நிமிஷம் ஆகல, கூண்டுக்குள்ள. ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும் மிட்லண்ட்ஸ் அனுப்பலாம்னு இருந்தேன், இந்துனா வந்து இத நான் வச்சுக்கிறேன்னு தன் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டாரு, எலி வந்தா பின்னாடியே பாம்பு வருமாம். அவரும் கோகோன்னுதான் கூப்பிடுறாரு. ஜுலுல கோகோன்னா பாட்டி.

கூண்டு வேணும்ங்குறவங்களுக்கு, ஒண்ணு இப்ப எங்கிட்ட சும்மாதான் கெடக்கு. வலது பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கு, கம்பி சுத்தி வச்சிருக்கேன், அத அவுத்துராதீங்க. திருப்பிக் குடுக்கும்போது தயவுசெஞ்சு கழுவிக் குடுங்க.