மெடிக்கல் சூப்பரின்டென்டன்ட் ஆகச் சொல்றாங்க, போலாமா?

எலும்பு_டாக்டர்_சேலம்:
வணக்கம்ங்க. அஞ்சு ரோடு பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஆர்த்தோ பாக்குறேன். மேனேஜ்மென்ட்ல கூப்ட்டு, ஆஸ்பத்திரி தரத்துக்கு சர்ட்டிபிகேட் குடுக்கற என்.ஏ.பி.ஹெச். இன்ஸ்பெக்‌ஷன் வருது, நீங்களே மெடிக்கல் சூப்பரின்டென்டன்ட் ஆயிடுங்கங்கறாங்க. ஆபரேஷன் பண்ற ஆளு டூட்டி ரோஸ்டரும் பில் தகராறும் பாத்துட்டு உக்காரணுமானு இருக்கு, வீட்ல என்னடான்னா வந்தத விடாதீங்கங்கறாங்க. எம்.ஹெச்.ஏ. மாதிரி ஆஸ்பத்திரி நிர்வாகப் படிப்பு ஏதாச்சும் படிக்கணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ரிட்டயர்டு_ஆர்எம்ஓ:
தம்பி, படிப்பெல்லாம் அப்புறம். மொதல்ல கையெழுத்து யாரோடதுன்னு கேளுங்க. எத்தன ரூபா வரைக்கும் நீங்களே பாஸ் பண்ணலாம், ஆளெடுக்கறதுல உங்க பேச்சு எடுபடுமா, ரெண்டையும் எழுத்துல வாங்கிக்கங்க. நான் இருந்த எடத்துல ஒருதடவ ஆபரேஷன் கருவிகள நீராவில சுத்தம் பண்ற ஆட்டோகிளேவ் கதவு கேஸ்கெட் போயிடுச்சு, வெறும் ரப்பர் வளையம்தான், அதுக்கு ஃபைல் மூணு மேஜை சுத்தி வர்றதுக்குள்ள அன்னிக்கு ஆபரேஷன் தியேட்டர் லிஸ்ட் பூராவும் தள்ளிப்போச்சு, பேஷன்டோட சொந்தக்காரங்க சட்டையப் புடிச்சது என்னத்தான். அதிகாரம் இல்லாத போஸ்ட்னா திட்டு வாங்கறதுக்குன்னு ஒரு சேர், அவ்ளோதான்.

மலைமேல_டூட்டி:
நான் ஏற்காடு பக்கம், கவர்மென்ட். இங்க கத வேறங்க, 1939லயே பொது சுகாதாரச் சட்டம் போட்ட ஊரு நம்மது, சுகாதாரத்துக்குன்னே தனி டைரக்டரேட் இருக்கு. அந்தப் பக்கம் மேல போகணும்னா டி.பி.ஹெச்.னு பொது சுகாதார டிப்ளமா மாதிரி படிச்சு வர்றவங்கதான் அதிகம். உங்களுக்கு அது தேவப்படாது, விடுங்க.

ஆனா நிர்வாகத்துல டாக்டர்தான் இருக்கணும், உங்களக் கூப்புடறது சரிதான். எங்களுக்கு மருந்து டி.என்.எம்.எஸ்.சி.னு கவர்மென்ட் மருந்து வாங்கித் தர்ற கார்ப்பரேஷன் குடோன்லருந்து பாஸ்புக் கணக்குல வரும், இவ்ளோ ரூபாய்க்குத்தான்னு இருக்கும். அதுக்குள்ள பாம்புக்கடி மருந்து எத்தன குப்பி கேக்கறதுன்னு யார் முடிவு பண்றது? மழைக்கு முன்னாடியே ஏத்தி வெக்கலைன்னா, ராத்திரி மரம் சாஞ்சு ரோடு அடைச்ச நேரத்துல 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி சேலம் ஜி.ஹெச். போயா சேர முடியும்? போன மாசம் செலவான கணக்க மட்டும் பாக்கறவரு கம்மியாத்தான் எழுதுவாரு. கண்ணு சொருகிட்டு வந்த கேஸப் பாத்தவங்க அப்படி எழுத மாட்டாங்க.

ஐசியு_அக்கா:
சார், வாங்க வாங்க, ஆனா போஸ்ட் வந்ததும் ஏசி ரூம்ல உக்காந்து வாட்ஸ்அப்ல மெமோ போடாதீங்க. நைட் முடிச்ச புள்ளைய மத்தியானமே திரும்பக் கூப்புடற ரோஸ்டர நிறுத்துங்க, அது போதும், பாதி பேரு வேலைய விட்டுப் போக மாட்டாங்க. என்.ஏ.பி.ஹெச். வர்றப்ப மட்டும் செவத்துல ஒட்டற போஸ்டரப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல 😄

எலும்பு_டாக்டர்_சேலம்:
எல்லாருக்கும் நன்றிங்க. பயமே ஆபரேஷன் பண்ற கைப்பழக்கம் விட்டுப்போயிடுமோன்னுதான்.

ரிட்டயர்டு_ஆர்எம்ஓ:
மதுரைல டாக்டர் வெங்கடசாமி 58 வயசுல கவர்மென்ட் வேலைலருந்து ரிட்டயர் ஆகி 1976ல 11 பெட்டோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாரு, நிர்வாகமும் பாத்தாரு, கண் ஆபரேஷனும் பண்ணாரு. வாரத்துல ரெண்டு நாள் தியேட்டர் எனக்குன்னு நீங்களும் எழுதி வாங்குங்க. ஆமா, கையெழுத்து எவ்ளோ வரைக்கும்ங்கறாங்க?

எலும்பு_டாக்டர்_சேலம்:
ஐயாயிரம்ங்கய்யா.

ரிட்டயர்டு_ஆர்எம்ஓ:
ஆபரேஷன் நேரத்துல எக்ஸ்ரே காட்டற சி-ஆர்ம் மெஷின் ரிப்பேருக்கு வர்றவரு வண்டிச் செலவுக்குக்கூடப் பத்தாதே. திரும்பப் போய்க் கேளுங்க.