வாஷிங்டனின் ஓவியத்தை நேரில் பார்த்தபோது

அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான், இப்போது மகள் வீட்டில் தங்குவதற்காக அமெரிக்கா வந்திருக்கிறேன். வாஷிங்டன் நகரத்துத் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்துக்கு இரண்டு முறை போய்வந்துவிட்டேன். அனுமதிக் கட்டணம் கிடையாது. கேலரி பிளேஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே கட்டடம். அங்கே அதிபர்களின் கூடத்தில், கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-இல் வரைந்த ஜார்ஜ் வாஷிங்டனின் முழு உருவ ஓவியம் இருக்கிறது. ஏறத்தாழ எட்டடி உயரமும் ஐந்தடிக்குச் சற்றுக் கூடுதலான அகலமும் கொண்ட அந்தத் துணியின் முன் முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன்.

பள்ளியில் தலைவர்களின் படங்களைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கித்தான் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுப்போம். முகச்சாயல் வந்துவிட்டால் போதும். உடைக்கும் பின்னணிக்கும் பட்டையாக வண்ணம் அடித்து முடித்துவிடுவோம். ஸ்டூவர்ட்டோ, சுற்றியுள்ள ஒவ்வொரு பொருளையும் பேச வைத்திருக்கிறார். கறுப்பு வெல்வெட் உடையில் நிற்கும் அந்த 64 வயது மனிதரின் இடக்கையில் இருப்பது உறையிலிட்ட வாள். வலக்கை, கூட்டத்தைப் பார்த்துப் பேசுபவரைப் போல முன்னால் நீண்டிருக்கிறது. மேசைமேல் வெள்ளி மைக்கூடும் இறகுப் பேனாவும் இருக்க, மேசைக் காலில் சாய்த்து வைத்த தடித்த புத்தகங்களில் ஒன்றின் முதுகில் அமெரிக்க அரசியலமைப்பும் சட்டங்களும் என்ற தலைப்பைப் படிக்க முடிகிறது. பின்னால் இடப்புறம் கருமேகம். வலப்புற மூலையில் வானவில். போர் ஓய்ந்துவிட்டது என்பதை ஓவியர் வானத்திலேயே எழுதிவிட்டார்.

மணிக்கட்டில் தெரியும் லேஸ் வேலைப்பாட்டை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. கிட்டப் போனால் வெறும் வெள்ளைத் தீற்றல்கள்; நாலடி பின்வாங்கினால் அது பின்னிய நூலாக மாறிவிடுகிறது.

ஆனால் வாய் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. உதடுகள் இறுக மூடி, வாயைச் சுற்றிலும் ஏதோ அடைத்து வைத்தது போல உப்பியிருக்கின்றன. என் மாணவர் யாராவது இப்படி வரைந்து கொண்டுவந்திருந்தால், அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பேன். இவ்வளவு கைதேர்ந்த ஓவியர் எப்படிப் பிழை விட்டார் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் மகிழ்வேன்.

✽

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். நான் பல் மருத்துவன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநாட்டுக்காக அந்நகரம் சென்றபோது அதே ஓவியத்தின் முன் நின்று, உங்களுக்கு நேர்மாறாக, அந்த வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டூவர்ட் பிழை எதுவும் விடவில்லை. கண்ணால் கண்டதைத்தான் வரைந்திருக்கிறார். 1789-இல் பதவியேற்றபோதே வாஷிங்டனுக்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு பல். அதுவும் இந்த ஓவியம் உருவான 1796-இல் போய்விட்டது.

மறுநாள், அவர் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் மாளிகைக்குச் சென்று, அங்கே கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கும் அவருடைய பல்செட்டைப் பார்த்தேன். அவர் மரப்பல் கட்டியிருந்தார் என்று பலரும் சொல்வது உண்மையன்று. ஈயக் கலவையாலான அடித்தட்டில் மனிதப் பற்களையும் விலங்குப் பற்களையும் தந்தத் துண்டுகளையும் பதித்து, மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் சுருள்வில்களால் இணைத்திருக்கிறார்கள். வில் இரண்டு தட்டுகளையும் ஓயாமல் பிரித்துத் தள்ளும் என்பதால், வாய் மூடியிருக்க வேண்டுமானால் தாடைத் தசைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்ரிலிக் பல்செட்டையே முதல் வாரத்தில் பொறுக்க முடியாமல் கழற்றி வைத்துவிட்டு வரும் பெரியவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அந்த ஈயக் கனத்தை வாயில் வைத்துக்கொண்டு ஓவியர் முன் உட்கார்ந்தவரை நினைத்தபோது, எனக்குத் தாடை வலித்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மவுண்ட் வெர்னானின் 1784-ஆம் ஆண்டுக் கணக்கில், கறுப்பின மக்களிடமிருந்து ஒன்பது பற்களை வாங்கியதற்குப் பணம் கொடுத்த பதிவு இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் உழைத்தவர்கள் அடிமைகள். அந்த ஒன்பதும் அவர் வாய்க்குத்தான் சென்றன என்று நிறுவ ஆதாரம் இல்லை. ஆனாலும் அதை அறிந்தபின், அந்த மூடிய உதடுகளை முன்போல் பார்க்க என்னால் முடியவில்லை.

✽

டாக்டர் தம்பிக்கு நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மூன்றாவது முறையாகப் போய்வந்தேன்.

ஓவியம் அங்கே வந்த கதையையும் இம்முறை தெரிந்துகொண்டேன்: வில்லியம் பிங்காம் என்னும் பென்சில்வேனியா செனட்டர்தான் இந்த ஓவியத்தை வரையச் செய்து, பிரிட்டனின் முன்னாள் பிரதமரான லான்ஸ்டவுன் பிரபுவுக்குப் பரிசாக அனுப்பினார். போரில் தோற்ற நாட்டின் பிரபு, தம்மை வென்ற தளபதியின் படத்தை வீட்டில் மாட்டிக்கொண்டார் என்பதே எனக்கு வியப்பு. 1968-இல் இந்த அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது ஓவியம் இரவலாகத்தான் அமெரிக்கா வந்தது. உரிமையாளர் 2 கோடி டாலருக்கு அதை விற்க முற்பட்டபோது கைவிட்டுப் போகும் நிலை வந்தது. 2001-இல் டொனால்ட் ரெனால்ட்ஸ் அறக்கட்டளை கொடுத்த நன்கொடையால்தான் அது நிரந்தரமாக இங்கே தங்கியது. அந்தப் பணம் வராமல் போயிருந்தால் என்னைப் போன்றவள் மூன்று முறை வந்து பார்த்திருக்க முடியாது.

இம்முறை சிறிய ஏடும் பென்சிலும் கொண்டுபோய், எதிரே நின்று வாயை மட்டும் வரைந்தேன். முதல் தாளில் என் கை பழக்கத்தால் அந்த உப்பலைக் குறைத்துவிட்டது. இரண்டாவதில் உதட்டோரத்தைச் சற்று மேலே தூக்கிவிட்டது. மூன்றாவது தாளில்தான், எதையும் திருத்தாமல், தாடையின் அந்த இறுக்கத்தை அப்படியே வரைய முடிந்தது.