கருங்கல் லயம்: திரும்பவும் சிமெந்துப் பூச்சா?

மேற்கணக்கு:
மலையகத்தில் புசல்லாவைப் பக்கம் ஒரு ஒத்தை லயம் (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற ஒரே வரிசை வீடு), ஆறு காம்பரா (அறை). ஒன்றரை அடிக் கருங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, தகரக்கூரை. காம்பரா 10க்கு 12 அடி, முன்னால் 6 அடி இஸ்தோப்பு (வராந்தா). பின்சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஈரம் ஏறி, முன்பு பூசின சிமெந்து உப்பிக் கழன்று விழுது. திருத்த நிர்வாகம் சம்மதிச்சாச்சு, செலவு குடியிருக்கிறவங்களோடது. பாஸ் (மேசன்) சொல்ற வேலை மூணு: பழைய பூச்சை உடைச்சு 1:3 சிமெந்தில் தண்ணி புகாத மருந்து கலந்து திரும்பப் பூசுறது, தகரத்தைக் கழட்டி அஸ்பெஸ்டஸ் போடுறது, பின்சுவரில் 3க்கு 3 ஜன்னல் திறக்கிறது. சரி வருமா?

சுண்ணாம்புச்சட்டி:
ஜன்னல் வரும். மற்ற ரெண்டும் வராது.

பின்சுவர் ஈரம் உள்ளே வர்றது மண்ணிலிருந்து. அந்தக் காலத்துச் சாந்து அதை உறிஞ்சி வெளிமுகத்தால் காற்றுக்கு விட்டுரும். சிமெந்து பூசினதும் அந்த வாசல் அடைபட்டுப் போகுது. தண்ணி சுவருக்குள்ளேயே ஏறி, சிமெந்து முடியிற இடம்வரை போய்த்தான் வெளியே வரும். உங்க பூச்சு எவ்வளவு உயரம்னு அளந்து பாருங்க, மூன்றடிக்குக் கிட்டத்தான் இருக்கும். மருந்து கலந்து பூசினா இன்னும் இறுக்கமா அடைபடும், ஈரம் நாலடிக்கு ஏறும்.

ஏழு பேர்ச்:
சுண்ணாம்பா சிமெந்தாங்கிறது ரெண்டாவது கேள்வி. 120 சதுர அடி காம்பராவில் ஒரு குடும்பத்தை அடைச்சு வைக்கக் கட்டின கட்டடம் இது. ஏழு பேர்ச் (நில அளவு) காணியில் 550 சதுர அடி தனிவீடுன்னு திட்டம் வந்த பிறகும், குடியிருக்கிறவங்க சொந்தக் காசைத் தங்கள் பேரில் உறுதிப்பத்திரம் இல்லாத சுவரில் ஏன் பூசணும்? நாளைக்கு வெளியே போனா பூச்சைக் கழட்டிக்கிட்டா போவாங்க? அந்தக் காசைச் சீட்டுக் கட்டி வைக்கலாம்.

சுண்ணாம்புச்சட்டி:
தனிவீடு கிடைக்கட்டும், யார் வேண்டாம்னா? அது வர்ற வரைக்கும் இந்த மழைக்கு இந்தச் சுவருக்குள்ளதானே பிள்ளைங்க படுக்கணும். அதோட கட்டடத்தையும் கட்டினவன் நோக்கத்தையும் ஒண்ணாக்காதீங்க. கல்லை உடைச்சு அடுக்கினது நம்ம ஆட்கள் கை. கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயத்தையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமா வச்சிருக்காங்க, போய்ப் பார்த்துட்டுப் பேசலாம்.

ஏழு பேர்ச்:
அருங்காட்சியகத்தில் ராத்திரி யாரும் படுக்கிறதில்லையே ஐயா.

கூரைத்தச்சன்:
நான் கூரை பற்றி மட்டும். அஸ்பெஸ்டஸ் கேட்கிறவங்க சொல்ற காரணம் பொய்யில்ல: விடியற்காலையில் தகரத்தடியில் பனி கோர்த்துச் சொட்டும், அஸ்பெஸ்டஸ் அதைக் கொஞ்சம் உறிஞ்சிக்கும். ஆனா அதுக்குத் தகரத்தைவிட மூணு மடங்கு பாரம். தகரத்துக்குன்னு இடைவெளி விட்டு வச்ச பழைய கைமரம் தொய்யும். கிரைண்டரில் வெட்டினா தூசு நெஞ்சுக்குள்ள போகும், அது லேசான விஷயமில்ல. சொட்டுறதுதான் பிரச்சினைன்னா புதுத் தகரத்துக்கு அடியில் வெள்ளித்தாள் இன்சுலேஷனை விரிச்சுப் போடுங்க, இஸ்தோப்பு தவிர மற்ற இடத்துக்குச் சீலிங்கும் அடிங்க.

இப்ப வர்ற தகரத்தில் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு. இங்கதான் பாஸ்மார் பிழை விடுறாங்க. சுவரும் தகரமும் சேர்ற இடத்தைச் சிமெந்துக் கலவை வச்சு அடைப்பாங்க. காரம் அலுமினியத்தைத் தின்னும், கொஞ்ச வருஷத்தில் அந்த ஓரம் ஓட்டை. சுண்ணாம்பும் அப்படித்தான் (சுண்ணாம்புச்சட்டி கவனிக்க). அந்த இடத்துக்கு மடிச்ச தகரப்பட்டைதான் சரி, ஈயப்பட்டையும் ஆகாது. ஆணியோ ஸ்குரூவோ நெளிவின் மேட்டில்தான் ஏறணும், பள்ளத்தில் அடிச்சா தண்ணி ஓடுற வழியிலேயே ஓட்டை. பக்க மேற்படிவு ஒன்றரை நெளிவு, நீளவாட்டில் 6 அங்குலம், சரிவு குறைவுன்னா 9. தாழ்வாரத்தை ஒன்றரை அடிக்கு வெளியே நீட்டுங்க, பீலி வையுங்க. பின்சுவர் ஈரத்தில் பாதி கூரைத் தண்ணியாத்தான் இருக்கும்.

மேற்கணக்கு:
சுண்ணாம்புன்னா கலவை, அளவு எப்படி? தேயிலை மலைக்குப் போடுற டொலமைட் மூட்டை தோட்டத்திலேயே கிடக்கு, அது ஆகுமா?

சுண்ணாம்புச்சட்டி:
ஆகவே ஆகாது. அது சுடாத கல்லை அரைச்ச தூள், மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடுறது. சுவரில் பிடிக்காது. உங்களுக்கு வேண்டியது காளவாயில் சுட்ட சுண்ணாம்பு. மாத்தளைப் பக்கத்துக் கல்லில் மக்னீசியம் இருக்கிறதால தண்ணி பட்டு நீற ரொம்ப நேரம் எடுக்கும். நேற்று நீத்தி இன்றைக்குப் பூசினா, நீறாத பொடிக்கல் சுவரில் ஏறின பிறகு ஊதும், அம்மைத் தழும்பு மாதிரிப் பூச்சு குழி விழும். பீப்பாயில் தண்ணிக்கு அடியிலேயே குறைந்தது ஒரு மாசம் ஊறட்டும், சல்லடையில் வடிச்சு எடுங்க. நீத்தும்போது கொதிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

ஒரு பங்கு சுண்ணாம்புக் களி, மூணு பங்கு கழுவின மணல். அரை அங்குலக் கனத்தில் 100 சதுர அடிக்குக் கணக்குப்படி 4 கன அடி கலவை போதும். கருங்கல் இடுக்கு தின்கிறதைச் சேர்த்தா 6 கன அடி மணலும் 2 கன அடி களியும் வேணும். களி மணலின் இடைவெளியில் அடங்கிரும், அதனால் ரெண்டையும் கூட்டி 8னு நினைக்காதீங்க. முதலில் சுவரை நனைச்சு இடுக்கை அடைச்சு, பிறகு ரெண்டு தடவையாப் பூசுங்க. ஒரு தடவைக்கும் அடுத்ததுக்கும் ஒரு வாரமாவது இடைவெளி, அதுவரை நனைச்ச சாக்கு தொங்கணும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். நுவரெலியா, கந்தப்பளை உயரத்தில்னா ஜனவரி, பெப்ரவரி உறைபனி பச்சைப் பூச்சை உதிர்த்துரும், மார்ச்சுக்குத் தள்ளுங்க.

ஏழு பேர்ச்:
ஒரு மாசம் ஊறப்போட்டு, வாரக்கணக்கா சாக்கு நனைக்கிறது யார்? காலையில் கொழுந்துக்குப் போற பொம்பளைதான். சிமெந்துன்னா ரெண்டு நாள் வேலை. இந்தச் செலவை உங்க கணக்கில் காணோமே.

சுண்ணாம்புச்சட்டி:
நியாயமான அடி. ஆறு காம்பராவும் சேர்ந்து ஒரே பீப்பாயில் செய்தாத்தான் கட்டும், தனித்தனியா முடியாது.

தேயிலைக்கொந்தரப்பு:
ஜன்னலைப் பற்றி யாரும் சொல்லலையே. கல்சுவர்னா ரெண்டு முகத்துக் கல்லுக்கு நடுவே சல்லி நிரப்பினது. சுத்தியலால் அடிச்சா நடுச் சல்லி கொட்டி மேல்பாகம் இறங்கிரும். 3 அடி ஜன்னலுக்கு நாலரை அடி லிண்டல் (திறப்புக்கு மேலே பாரம் தாங்குற விட்டம்), இருபக்கமும் 9 அங்குலம் உட்காரணும். 9 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் ரெண்டு துண்டா வார்த்தெடுங்க, ஒவ்வொன்றுக்கும் கீழே ரெண்டு 12 மில்லிமீற்றர் கம்பி. கூரைக்கு முட்டு கொடுத்து, வெளிமுகத்தில் மட்டும் லிண்டல் அளவுக்கு உளியால் கல்லை ஒவ்வொன்றா எடுத்து முதல் துண்டை ஏற்றிக் கலவை திணிங்க. ஏழு நாள் கழிச்சு உள்முகம். அதுவும் இறுகின பிறகுதான் கீழே வெட்டணும். குறுக்குச் சுவருக்கு ரெண்டடிக்குள் திறக்கவே கூடாது. ரெட்டை லயத்தில் இதெல்லாம் நடக்காது, பின்சுவருக்கு அந்தப்பக்கம் வேற குடும்பம் இருக்கு.

ஏழு பேர்ச்:
அதைத்தான் சொல்றேன். ரெட்டை லயத்தை இடிக்கத்தான் வேணும். தடுக்கச் சட்டமும் இல்லை: 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தினதைத்தான் தானாகக் காக்கும். தோட்டம் வந்ததே அதுக்கப்புறம். இன்னொண்ணு, பின்னால் மண்மேடா? 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவில் புதைஞ்ச லயங்களுக்கு எந்தப் பூச்சும் உதவலை. மேட்டில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீர்னு கலங்கி வர்ற ஊற்று, இதில் ஒண்ணு இருந்தாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிச்சிட்டு இடத்தைக் காலி பண்ணுங்க.

மேற்கணக்கு:
வெடிப்பு எதுவுமில்லை. ஆனா இன்றைக்கு அளந்தேன். பின்சுவருக்கும் மேட்டுக்கும் இடையில் கான் (வடிகால்) 14 அங்குலம்தான். அதுவும் தூர்ந்து, மண் உள்தரையைவிட ஒன்றேகால் அடி மேலே நிற்குது.

சுண்ணாம்புச்சட்டி:
அப்ப பூச்சு பிறகு. முதலில் மண்ணை எடுத்து, கானை உள்தரைக்கு ஓரடி கீழே இறக்குங்க. 100 அடிக்கு ஓரடி சரிவு. முழு நீளத்தையும் ஒரே நாளில் தோண்டாதீங்க, மேட்டின் கால் அவிழ்ந்துரும். ஆறடி தோண்டி, ஆறடி விட்டு, தோண்டினதைக் கல் வச்சுக் கட்டின பிறகு விட்டதைத் தொடுங்க. அத்திவாரக் கல்லின் அடிமட்டத்துக்குக் கீழே மண்வெட்டி போகவே கூடாது. பழைய சிமெந்தையும் இப்பவே தட்டி எடுத்துட்டு, ஒரு வெயில் காலம் சுவரைச் சும்மா காயவிடுங்க.

ஏழு பேர்ச்:
இது ஒண்ணில் எனக்கும் சம்மதம், செலவு மண்வெட்டியும் கல்லும்தான். வெட்டின மண்ணை லயத்துக்கு முன்னால் சரிவில் கொட்டிராதீங்க, மழைக்குக் கீழ் லயத்து வாசலில்தான் போய் நிற்கும்.