டி.எல்.எல்.: எண்ணால் அழைத்தால் வேறு ஃபங்ஷன் ஓடுகிறது

கேள்வி:
32-பிட் டி.எல்.எல். (மற்ற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் விண்டோஸ் நூலகக் கோப்பு) ஒன்றைப் பராமரிக்கிறேன். ஆட்ரெக்கார்டு, குளோஸ்ஸ்டோர், டெலீட்ரெக்கார்டு, ஓப்பன்ஸ்டோர் என 4 ஃபங்ஷன்கள். வெளியே தெரிய வேண்டிய ஃபங்ஷன்களைப் பட்டியலிடும் டெஃப் கோப்பு கிடையாது, நிரலுக்குள்ளேயே அதைக் குறிக்கும் டெக்ல்ஸ்பெக் மட்டும்தான். இப்போது பேக்அப்ஸ்டோர் என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்தேன். பழையவற்றில் கை வைக்கவே இல்லை. ஆனால் இதைப் பயன்படுத்தும் ஒருவர், ஓப்பன்ஸ்டோரை அழைக்கும் இடத்தில் டெலீட்ரெக்கார்டு ஓடுகிறது என்கிறார். அவர் கெட்பிராக்அட்ரஸுக்கு (ஃபங்ஷனின் முகவரியைத் தேடித் தரும் விண்டோஸ் அழைப்பு) பெயர் கொடுக்காமல் 4 என்ற எண்ணைக் கொடுக்கிறாராம்.

பதில் 1:
டி.எல்.எல். வெளியே காட்டும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அதை நீங்கள் கொடுக்காவிட்டால், கோப்பைக் கட்டி முடிக்கும் லிங்கரே கொடுத்துவிடும், அதுவும் ஆங்கில அகரவரிசைப்படி. பி-யில் தொடங்கும் பேக்அப்ஸ்டோர் 2-ஆம் இடத்தில் புகுந்ததும் மற்ற மூன்றும் ஒரு படி இறங்கிவிட்டன. முன்பு ஓப்பன்ஸ்டோர் இருந்த 4-இல் இப்போது டெலீட்ரெக்கார்டு. இரண்டு பதிப்புகளையும் டம்ப்பின் எக்ஸ்போர்ட்ஸில் (இந்த எண்களையும் பெயர்களையும் பட்டியலிடும் கட்டளை) போட்டுப் பாருங்கள், பளிச்சென்று தெரியும்.

அவர் ஏன் எண்ணுக்குப் போனார் என்றும் கேளுங்கள். ஃபங்ஷனை அழைக்க நீங்கள் எஸ்டிடிகால் முறையைப் பயன்படுத்தினால், 32-பிட்டில் பெயருக்கு முன்னால் அடிக்கோடும் பின்னால் @ போட்டு ஒரு எண்ணும் (வரிசை எண் அல்ல, அளவுருக்களின் பைட் அளவு) ஒட்டிக்கொள்ளும். சி++ பெயரை மாற்றாமல் தடுக்கும் எக்ஸ்டர்ன் சி போட்டாலும் இது போகாது. வெறும் ஓப்பன்ஸ்டோர் என்று தேடியவருக்கு நல் (முகவரி இல்லை என்ற வெற்று விடை) கிடைத்திருக்கும். பாவம், அவருக்கு வேறு வழி தெரிந்திருக்காது.

டெஃப் கோப்பு எழுதுங்கள். பழைய நான்குக்கும் பழைய எண்களையே @1 முதல் @4 வரை கொடுத்து, புதியதற்கு @5 கொடுங்கள். பெயர்களும் ஒட்டு இல்லாமல் சுத்தமாக வெளியே வரும், அவருடைய நிரலும் உடையாமல் ஓடும். பிறகு அவரைப் பெயருக்கு மாறச் சொல்லுங்கள்.

பதில் 2:
எண் என்றால் வேகம், கோப்பும் சின்னது என்பார்களே?

பதில் 1:
16-பிட் விண்டோஸில் நினைவகம் கிலோபைட் கணக்கில் இருந்தபோது அது நியாயம். இன்று பெயர்கள் வரிசையாக அடுக்கியே இருக்கின்றன. ஆயிரம் பெயர் இருந்தாலும், பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் பைனரி தேடலில் பத்து ஒப்பீட்டில் கிடைத்துவிடும். மைக்ரோசாஃப்டின் எம்.எஃப்.சி. நூலகம் போல நீள நீளமான சி++ பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் டெஃப் கோப்பில் நோநேம் போட்டு எண்ணை மட்டும் வைப்பதில் லாபம் உண்டு. விண்டோஸின் நெட்வொர்க் நூலகமான வின்சாக்கில் டபிள்யூஎஸ்ஏஸ்டார்ட்அப் ஃபங்ஷனின் எண் 115 என்று உறுதியாக நிற்கிறது. யாரோ அதைக் கட்டிக்காப்பதால்தான் நிற்கிறது. ஐந்து ஃபங்ஷனுக்கு இந்தக் காவல் வேலை வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
ஆமாம் சார், எஸ்டிடிகால்தான்; பெயரால் தேடினால் நல் வந்தது என்றே சொன்னார். டெஃப் போட்டதும் சரியாகிவிட்டது. பின்னாளில் குளோஸ்ஸ்டோரை எடுத்துவிட்டால் 2-ஐ வேறொன்றுக்குத் தரலாமா?

பதில் 1:
கூடவே கூடாது. காலியாகவும் விடாதீர்கள்: வரிசையில் இடைவெளி இருந்தால் கெட்பிராக்அட்ரஸ் நல் தராமல் தப்பான முகவரியைத் தந்துவிடலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே எச்சரிக்கிறது. அதே அளவுருக்களோடு, பிழைக் குறியீட்டை மட்டும் திருப்பித் தரும் ஒரு வெற்று ஃபங்ஷனை அந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.