உலோக மேனி விமான மாடல்கள்: சேலம், ஏற்காடு பக்கத்து அனுபவங்கள்

செவ்வாய்ப்பேட்டை உறுப்பினர்:

பெயிண்ட் இல்லாமல் உலோக மேனியோடு பறந்த விமானத்தை மாடல் செய்ய இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி சில்வர் நல்லா வரும்?" என்பதுதான். சில்வருக்கு வருகிறேன். எனக்குச் சொல்ல நிறைய இருப்பது அதற்கு முந்தைய வேலையைப் பற்றி. மாடல் தேறுமா தேறாதா என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

எங்கள் மாமா சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பற்றவைப்பு முடிந்து மெருகுக்குப் போகுமுன் ஒவ்வொரு கொலுசையும் ட்யூப் லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பிடித்து, விரலால் உருட்டிக்கொண்டே பார்ப்பார். "மெருகு போட்டா கோடு மறையும்னு நினைக்காதே மாப்ளே, அப்பத்தான் பளிச்சுனு தெரியும்" என்பார். விமான மாடலுக்கு உலோக நிறம் அடிக்கும்போது நடப்பதும் இதேதான்.

இப்போது என் மேசையில் இருப்பது 1/72 அளவு (அசலில் 72-ல் ஒரு பங்கு) மிக்-21 போர் விமானம். அதன் உடல் ஒரே நீண்ட உருளை. கிட்டில், அதாவது ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்களின் பெட்டியில், இடது, வலது என்று இரண்டு பாதியாக வரும். ஒட்டினால் முதுகிலும் வயிற்றிலும் மூக்கிலிருந்து வால் வரை ஒட்டுவாய் ஓடும். பச்சையும் பழுப்பும் அடிக்கிற விமானமாக இருந்தால் அதில் பாதி கண்ணில் படாது. உலோக மேனியில் தப்பவே தப்பாது. நான் அதைச் சரிபார்க்கும் முறையைச் சொல்கிறேன். 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீரோடு தேய்க்கும் உப்புத்தாள்) வரை தேய்த்துப் பளபளப்பேற்றிய உடலை ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்தால், விளக்கின் பிரதிபலிப்பு உடல் நெடுக ஒரு வெள்ளைக் கோடாக விழும். மாடலை மெல்ல உருட்டுங்கள். அந்த வெள்ளைக் கோடு ஒட்டுவாயைத் தாண்டும்போது எங்காவது நெளிந்தால் அங்கே இன்னும் மேடோ பள்ளமோ மிச்சம் இருக்கிறது. விரல் நுனிக்கு அகப்படாததைக்கூட அந்த நெளிவு காட்டிக்கொடுக்கும். நெளியாமல் வழுக்கிக்கொண்டு போகிறவரை தேய்ப்பு முடியவில்லை என்றே அர்த்தம்.

ஒட்டுவாயை அடைக்க நான் சாதாரண புட்டி போடுவதில்லை. புட்டி பெயிண்டை வேறு மாதிரி உறிஞ்சும், காய்ந்து சுருங்கும். சில வாரம் கழித்து அந்த இடம் நிழல்போல மறுபடி தெரியவரும். சூப்பர் குளூதான் என் தேர்வு. ஆனால் அதை ஊற்றிவிட்டு மறுநாள் வந்து தேய்க்கக்கூடாது. முழுசாக இறுகினால் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். அப்போது தேய்த்தால் பிளாஸ்டிக் கரையும், பசை மேடாக நிற்கும். பிடித்த கொஞ்ச நேரத்திலேயே தேய்த்துவிட வேண்டும்.

600-ல் தொடங்கி 1000, 1500, 2000 என்று தண்ணீரோடு ஏறிப் போங்கள். ஒரு நம்பரைத் தாண்டி அடுத்ததுக்குக் குதித்தால் முந்தைய கீறல் அப்படியே தங்கிவிடும். தேய்த்து முடித்ததும் பாத்திரம் கழுவும் லிக்விடால் கழுவி, காயவைத்து, அதன்பிறகு வெறும் கையால் தொடவே தொடாதீர்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை போதும், பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகிக்கொள்ள.

பிறகு கறுப்பு அடித்தளம். ஆல்கிளாட் மாதிரியான லாக்கர் வகை (தின்னர் ஆவியாகி வேகமாகக் காயும்) உலோகப் பெயிண்டில் அலுமினியத் துகள் மிக மிக நுண்ணியது. படலமும் மெல்லியது. அதனால் அடியில் இருப்பதை அது மறைக்காது, எடுத்துக் காட்டும். அடியில் கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்பு இருந்தால் ஆழமான உலோகம் வரும். சாம்பல் பிரைமர் இருந்தால் வெளிறிய, மங்கிய உலோகம் வரும். கறுப்பு நன்றாகக் காயவேண்டும். முகர்ந்து பார்த்துத் தின்னர் வாடை வந்தால் இன்னும் காயவில்லை. உலோகப் பெயிண்ட்டை ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் பெயிண்ட் தெளிக்கும் கருவி) 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், கிட்டத்தில் பிடித்து, மூடுபனி படிகிற அளவுக்கு மட்டும் பல தடவை அடிக்க வேண்டும். தின்னர் கலக்கத் தேவையில்லை, பாட்டிலிலேயே அளவாகத்தான் வருகிறது.

இன்னொன்றும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குரோம் நிறத்தை விமானம் முழுக்க அடிக்காதீர்கள். நம் விமானப்படைக்கு 1963-ல் வந்து சேர்ந்து, 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் விடைபெற்ற மிக்-21, தொடக்கக் காலத்தில் உலோக மேனியோடுதான் பறந்தது. 1971 போர்ச் சமயத்தில்தான் பலவற்றின் மேல் அவசரமாகப் பச்சை பூசினார்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்களை உற்றுப் பாருங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி எதுவும் மின்னாது. மென்மையான, லேசாகச் சாம்பல் கலந்த வெள்ளை. வால் பக்கம் எஞ்சின் சூட்டில் கருத்திருக்கும். நான் மொத்தத்துக்கும் ஏர்ஃப்ரேம் அலுமினியம் என்ற நிறத்தை அடித்து, சில தகடுகளை மட்டும் மறைத்துக்கொண்டு டியூராலுமினியம், வால் குழாயைச் சுற்றி ஜெட் எக்ஸாஸ்ட் என்று போகிறேன். ஒரு தகட்டுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று சந்தேகம் வருகிற அளவு போதும். சதுரங்கப் பலகை மாதிரி ஆகிவிட்டால் கெட்டது.

ஏற்காடு உறுப்பினர்:

அண்ணா சொன்ன அத்தனையும் செய்தாலும் எங்கள் ஊரில் இன்னொரு எதிரி இருக்கிறது, பனிமூட்டம். 1,500 மீட்டர் உயரத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதம் ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அந்த நேரத்தில் லாக்கர் அடித்தால் பெயிண்ட் பால் ஊற்றியதுபோல வெளுத்துப்போகிறது.

காரணம் எளிது. லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பைச் சில்லிட வைக்கிறது. காற்றில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. பச்சைப் பெயிண்டில் இது சின்னக் குறை. கறுப்பு அடித்தளத்தில் வந்தால் அதன்மேல் போடும் உலோகம் உயிரில்லாமல் போய்விடும்.

இங்கே எனக்குக் கைகொடுத்தவை: நண்பகலில், வெயில் வந்து மூட்டம் விலகிய பிறகு மட்டும் அடிப்பது. அடிப்பதற்கு முன் மாடலையும் பெயிண்ட் பாட்டிலையும் குண்டு பல்பு எரியும் மூடிய பெட்டியில் வைத்து வெதுவெதுப்பாக்குவது. கம்ப்ரஸர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் வடிப்பது. ஏர்பிரஷ்ஷுக்குப் போகும் குழாயில் ஈரம் பிரிக்கும் வடிகட்டி வைப்பது. மழை விடாத வாரங்களில் லாக்கரைத் தொடாமல் வல்லேஹோ மெட்டல் கலர் போகிறேன். தண்ணீர் வகை, வாடை கிடையாது, வெளுக்கவும் செய்யாது. ஆல்கிளாட்டின் ஆழம் அதில் கொஞ்சம் குறைவு என்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் 1/72 அளவில் அந்த மென்மையே பழைய விமானத்துக்குப் பொருந்துகிறது.

அம்மாப்பேட்டை உறுப்பினர்:

கீழ எங்களுக்கு நேர் எதிர் பிரச்சினைங்க. சித்திரை வெயில்ல பெயிண்ட் மாடலைத் தொடுறதுக்குள்ள காத்துலயே காஞ்சுடுது. தூள் மாதிரி போய் ஒட்டி, தடவுனா சொரசொரன்னு இருக்கும். கறுப்புல அப்படி வந்துச்சுன்னா மேல எந்த சில்வர் போட்டாலும் அலுமினியப் பாத்திரத்தோட அடிப்பக்கம் மாதிரிதான் தெரியும். அதனால விடியக்காலம் ஆறு மணிக்கு முன்னாடி அடிக்கிறேன். கறுப்புக்கு மட்டும் ரிடார்டர் கொஞ்சம் கலந்துக்குவேன், காயறது மெதுவாகி அதுவே சமமா பரவிக்கும்.

அப்பா கார் டிங்கரிங் பட்டறைல பெயிண்டர். அவருகிட்ட இருந்து எடுத்துக்கிட்டது நிறைய. ஆனா ஒரு விஷயத்துல எல்லாரும் கவனமா இருக்கணும். கார் பட்டறை என்சி தின்னர் கிட்டோட பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைச்சுடும். மேல்தோல் எல்லாம் விரிஞ்சு வெடிச்ச மாதிரி ஆயிடும். கடைல சுலபமா கிடைக்குதேன்னு நேரா அடிச்சுடாதீங்க. கீழ நல்ல பிரைமர் இருக்கணும், மேல ஈரமா அடிக்காம மெல்லிசா அடிக்கணும். ரப்பிங் காம்பவுண்டும் அப்படித்தான். சிலிக்கான் கலந்த பாலிஷ் பட்டா அடுத்த பெயிண்ட் புள்ளி புள்ளியா விலகி நிக்கும். அடிக்கிறதுக்கு முன்னாடி கறுப்புப் பெயிண்ட் அடிச்ச பிளாஸ்டிக் ஸ்பூன்ல பார்த்துக்கங்க. ஸ்பூனோட வளைவு விமான உடம்பு வளைவு மாதிரியே இருக்கறதால என்ன வரும்னு உடனே தெரிஞ்சுடும்.

இன்னொன்னு. துணி மாஸ்க்கும் என்95-ம் தின்னர் ஆவியைத் தடுக்காதுங்க. அதெல்லாம் தூசிக்குத்தான். கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வாங்குங்க. ஏற்காட்டுத் தம்பி குளிருக்கு ஜன்னலைச் சாத்திட்டு அடிப்பாரோன்னு எனக்குப் பயமா இருக்கு.

மேட்டூர் உறுப்பினர்:

எல்லோரும் பெயிண்ட் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஒட்டுவது அசல் அலுமினியத்தையே. சமையலறை ஃபாயில்.

எங்கள் ஊர் மால்கோ அலுமினிய ஆலை ஓடிய காலத்தில் சேர்வராயன் மலையிலிருந்து பாக்சைட் இங்கே வந்து அலுமினியமாகப் போனது. அப்பாவும் சித்தப்பாவும் அங்கே வேலை பார்த்தவர்கள். அலுமினியம் என்றால் எங்கள் வீட்டில் பெரிய பேச்சு நடக்கும். அந்தப் பழக்கத்தில்தான் பெயிண்டை விட்டுத் தகட்டுக்கு வந்தேன்.

விமானத் தகடு வெறும் அலுமினியம் இல்லை, டியூராலுமின் என்ற கலவை. அது வலுவானது, ஆனால் எளிதில் அரிபடும். அதனால் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய படலமாகச் சேர்த்து உருட்டுவார்கள். வெளியே நாம் பார்ப்பது அந்தச் சுத்த அலுமினியம். காற்றுப் பட்டதும் அதன்மேல் ஆக்சைடு படலம் வந்துவிடும். பாலிஷ் போடாத விமானம் மென்மையாக மங்கித் தெரிவது அதனால்தான்.

உருட்டிய எந்தத் தகட்டுக்கும் ஒரு போக்கு உண்டு. ஃபாயிலை வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். அதைத்தான் நான் பயன்படுத்துகிறேன். ஒரு பேனலுக்கு (விமான உடலின் ஒரு தகட்டுப் பகுதி) கோடு நீளவாக்கில் வரும்படி ஃபாயில் வெட்டுவேன், அடுத்த பேனலுக்குக் குறுக்காக. இரண்டும் ஒரே சுருளில் இருந்து எடுத்த ஃபாயில்தான். ஒட்டி முடித்து மாடலைக் கையில் திருப்பினால் ஒன்று வெளுக்கும்போது மற்றது இருளும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் இடம் மாறிக்கொள்ளும். இதை எந்தப் பெயிண்டிலும் நான் பார்த்ததில்லை.

ஃபாயிலின் மங்கல் பக்கத்தை மேலே வையுங்கள். மைக்ரோஸ்கேல் ஃபாயில் பசையை மெல்லியதாகத் தடவி, நிறமற்றுப் பிசுபிசுப்பாகும் வரை விட்டு, பேனலைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டிய துண்டை வைத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தேய்க்க வேண்டும். பேனல் கோட்டில் பல் குத்தும் குச்சியை ஓட்டினால் ஃபாயில் பள்ளத்தில் உட்காரும். புது பிளேடால் அந்தக் கோட்டிலேயே வெட்டி மிச்சத்தை உரித்துவிடலாம். பிளேடு கொஞ்சம் மழுங்கினாலும் ஃபாயில் கிழியும். பசையில் ஒரு தூசி இருந்தாலும் கொப்புளம்போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். எஞ்சின் பக்கத்துப் பேனல்களுக்கான ஃபாயிலை எங்கள் போர்வெல் உப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு எடுப்பேன். அலுமினியப் பாத்திரத்தில் வெந்நீர் வைத்தால் உள்ளே கருக்குமே, அதே கருமை.

மஸ்டாங், அதாவது பி-51 போர் விமானம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பி-51-ன் உடல் உலோகமாக இருந்தாலும் இறக்கை அப்படி இல்லை. காற்று அதன்மேல் வழுவழுவென்று ஓட வேண்டும் என்று தொழிற்சாலையிலேயே இறக்கையின் முன்பகுதித் தகட்டு இணைப்புகளைப் புட்டியால் அடைத்து, தேய்த்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்து அனுப்பினார்கள். எனவே உடலுக்கு ஃபாயில் ஒட்டுங்கள், இறக்கைக்குச் சாதாரண சில்வர் பெயிண்ட். இறக்கையில் அந்தப் பேனல் கோடுகளையும் அடைத்துவிடுங்கள். கிட் கம்பெனிகள் பல அவற்றை ஆழமாகக் கீறியே தருகின்றன.

ஆத்தூர் உறுப்பினர்:

புதிதாகத் தொடங்குகிறவன், ஒரு சந்தேகம். டெகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படம்) ஒட்டும் முன் கிளியர் (நிறமற்ற மேற்பூச்சு) அடிக்கணுமா? அடித்தால் மினுக்கம் போய்விடும் என்கிறார்களே. மிக்-21 மூக்குக் கூம்பு பச்சையாக இருக்கிறது, அதை எப்போது அடிப்பது?

செவ்வாய்ப்பேட்டை உறுப்பினர்:

தம்பி, உலோகத்தின் மேல் லாக்கர் கிளியர் அடித்தால் மினுக்கம் நிச்சயம் இறங்கும். அடித்தளம் வழவழப்பாக இருந்தால் டெகாலை நேரடியாகவே ஒட்டலாம். அடையாள எண்ணைச் சுற்றியுள்ள நிறமற்ற படலத்தை முடிந்த அளவு ஒட்ட வெட்டிவிடுங்கள், உலோக மேனியில் அதன் விளிம்பு வெளிச்சத்தில் காட்டிவிடும். டெகாலைக் காப்பாற்ற ஏதாவது தேவை என்றால் தண்ணீர் வகை கிளியரை அந்த இடத்தில் மட்டும் மெல்லியதாக அடியுங்கள். பேனல் கோட்டுக்கு வாஷ் (கோட்டில் ஓடவிடும் நீர்த்த பெயிண்ட்) விடும்போது கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல் ஆயில் பெயிண்டை நன்றாக நீர்க்க வைத்து விடுங்கள்.

மூக்குக் கூம்பு, வால் உச்சி ஆகிய பச்சைப் பகுதிகளை முதலிலேயே அடித்து, காயவைத்து, டேப்பால் மறைத்துவிட்டுப் பிறகு கறுப்புக்கும் உலோகத்துக்கும் போங்கள். உலோகத்தின் மேல் டேப் ஒட்டுகிற வேலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. தகடு வித்தியாசத்துக்காக ஒட்டியே ஆகவேண்டிய இடத்தில் டேப்பை முதலில் கையின் மேல் நாலைந்து முறை ஒட்டி எடுத்து, பசையின் வீரியத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தப் பேனலை விரலால் தொடாமல் தின்னர் தொட்ட பஞ்சால் ஒரு தடவை துடைக்கலாமா என்று கேட்பீர்கள், கூடாது, லாக்கர் கரைந்துவிடும். மிருதுவான காய்ந்த துணி போதும்.