1453க்கு முன்னாடி இத்தாலியில எவனும் படிக்கலையா?

பழையபேப்பர்: பக்கத்து திரியில ஒருத்தர் "1453ல கான்ஸ்டான்டிநோபிள் நகரம் துருக்கியர்கிட்ட விழுந்துச்சு, கிரேக்க பண்டிதருங்க மூட்டை கட்டிக்கிட்டு இத்தாலிக்கு ஓடுனாங்க, அப்படித்தான் ஐரோப்பாவுல ஹ்யூமனிசமும் மறுமலர்ச்சியும் வந்துச்சு"ன்னு எழுதிருக்காரு, எல்லாரும் ஆமா சாமி போடுறாங்க. எரிச்சலா வருது. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் வெரோனாவுல பழைய ரோம எழுத்தாளர் சிசரோவோட கடிதங்களைத் தோண்டி எடுத்தது 1345. மனுஷன் செத்தே போனது 1374. கழித்தல் கணக்கு தெரியாதா?

வெண்சங்கு: அந்த ஒருத்தர் நான்தான், நேராவே திட்டலாம். உங்க பெட்ரார்க்குக்கு கிரேக்கம் தெரியாது சார். ஹோமரை கையில வச்சுக்கிட்டு படிக்க முடியாம ஏங்குன ஆளு. கிரேக்கம் வந்தது 1453க்கு அப்புறம்தான்.

பழையபேப்பர்: 1397. மானுவேல் கிரிசோலோராஸ். பிளாரன்ஸ் சம்பளம் கொடுத்து வரவழைச்ச கிரேக்க வாத்தியார்.

வெண்சங்கு: ஒரு வாத்தியார் வந்தா மறுமலர்ச்சியா? அப்போ எங்க தெரு டியூஷன் சென்டரும் மறுமலர்ச்சிதான். கிரேக்க பண்டிதர் பெசாரியன் தன்னோட கிரேக்க நூலகத்தை வெனிஸுக்கு கொடுத்தது 1468. முன்னாடியா, அப்புறமா?

பழையபேப்பர்: பெசாரியன் 1453ல ஓடி வந்தவரா? 1438ல கிரேக்க, லத்தீன் திருச்சபைகளை இணைக்கிற பேச்சுவார்த்தைக்கு வந்தவரு, மறுவருஷமே போப் அவரை கார்டினல் ஆக்கிட்டாரு. உங்க சாட்சியே என் கட்சி.

சும்மாவந்தேன்: ஒரு சந்தேகம். ஹ்யூமனிசம்னு ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க? மனிதநேயமா?

தமிழ்ப்பித்து: மனிதநேயம் வேறங்க, அது இல்லாதவனுக்கு சோறு போடுறது. இது பழைய கிரேக்க, லத்தீன் நூல்களைத் தேடிப் படிக்கிறது, பேரு மானுடவாதம்.

வெண்சங்கு: மூட்டுவாதம் மாதிரி இருக்கு.

தமிழ்ப்பித்து: தமிழ்ல சொன்னாலே உங்களுக்கு வலிக்கும், தெரிஞ்சதுதான்.

பழையபேப்பர்: அதெல்லாம் இருக்கட்டும், 1453க்கு வாங்க. பிளாரன்ஸ்ல பிரான்காச்சி சிற்றாலயத்துல மசாச்சியோ வரைஞ்ச ஏவாளைப் பாருங்க, தோட்டத்தை விட்டு துரத்தும்போது வாயைப் பொளந்து கதறுறா, தங்கப் பின்னணியில விறைப்பா நிக்கிற பொம்மை இல்ல அது, நிஜமா அழுற பொம்பள, அதை வரைஞ்சவரு 1428ல செத்துட்டாரு, புருனெல்லெஸ்கி பேராலயத்துக்கு குவிமாடம் ஏத்துனது 1436, ஆல்பர்ட்டி ஓவியத்துக்கு இலக்கணம் எழுதுனது 1435, இவங்களுக்கெல்லாம் 1453ல வந்த எந்த அகதி பாடம் எடுத்தாரு, கனவுலயா?

வெண்சங்கு: கலையைப் பத்தி நீங்க பேசாதீங்க. போன வருஷம் டேவிட் சிலை வெண்கலம்னு அடம் புடிச்சது யாரு? மைக்கேலாஞ்சலோ செதுக்குனது பளிங்கு.

பழையபேப்பர்: நான் சொன்னது இன்னொரு சிற்பி டொனாடெல்லோ செஞ்ச டேவிட்டை. அது வெண்கலம்தான்.

வெண்சங்கு: அந்தத் திரியில டொனாடெல்லோன்னு ஒரு வார்த்தை கிடையாது.

பழையபேப்பர்: வெண்கலம்னாலே டொனாடெல்லோன்னு புரியணும். புரியாதவங்களுக்கு 1453 போதும்.

குப்பைமேனி: அரபு மொழியில இருந்து ஸ்பெயின்ல டொலேடோவுல நூல்களை லத்தீனுக்கு மொழிபெயர்த்தாங்களே, அதைப் பத்தி யாருமே…

பழையபேப்பர்: அதுக்கு தனித்திரி போடுங்க. இவரு முதல்ல பதில் சொல்லட்டும்.

வெண்சங்கு: சொல்றேன். பிளாரன்ஸ் அறிஞர் பிசினோ பிளேட்டோவை முழுசா லத்தீன்ல கொண்டுவந்து அச்சுல வந்தது 1484. கழித்தல் எனக்கும் தெரியும்.

பழையபேப்பர்: கிரிசோலோராஸோட மாணவர் புரூனி பிளேட்டோவோட ஃபீடோங்கிற நூலை லத்தீன்ல போட்டுட்டு 1444லயே செத்துட்டாரு. 1444. பெருசா எழுதவா?

தமிழ்ப்பித்து: இவ்ளோ நேரத்துல மானுடவாதம்னு ஒருத்தராவது எழுதுனீங்களா?

வெண்சங்கு: இருங்க, அந்த டேவிட் திரியோட லிங்க் தேடி எடுத்துட்டு வரேன்.