"தற்செயல் நிறுத்தம்" வேண்டாம்: ஓடும்போதே அணைந்துபோகும் எஞ்சினுக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும் பழுதுக்குத் தமிழ்ச் சொல்லாகத் "தற்செயல் நிறுத்தம்" என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டதை முந்தைய மடலில் கண்டேன். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான கையேட்டில் அது ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நிறுத்தம் என்பது ஓட்டுநர் அறிந்து செய்வது. தற்செயல் என்பது அதைவிடத் தவறு. காரணமில்லாமல் எந்த எஞ்சினும் நிற்பதில்லை. நாம் இன்னும் காணாத காரணத்தை, இல்லாத காரணம் என்று மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

சென்ற ஆண்டு என் பெட்ரோல் கார் நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகும் வழியில், வில்லுக்குறியில் நின்றுவிட்டது. குலுக்கல் இல்லை, இருமல் இல்லை. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. பின்னால் சரக்கு லாரி. எப்படியோ ஓரங்கட்டினேன். அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. பணிமனைக்குக் கொண்டுபோனால் அங்கே நிற்கவே இல்லை. பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். பத்து நாளில் மறுபடியும் நின்றது.

கடைசியில் தக்கலையில் ஒரு முதிய மெக்கானிக், காரைத் தொடாமலே ஒரு கேள்வி கேட்டார்: "நிற்கும்போது ஆர்.பி.எம். முள் எப்படி விழுந்தது?" எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் அது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது என்றேன். "அப்படியானால் கிராங்க் சென்சாரைப் பார்ப்போம்" என்றார்.

அந்தக் கேள்வியின் அருமை பிறகுதான் புரிந்தது. கியரில் உருளும் வண்டியில் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும். அப்போதும் முள் பூஜ்யம் காட்டினால், எஞ்சினின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லவேண்டிய உணரியே, அதாவது கிராங்க் சென்சாரே, வாய்மூடிவிட்டது என்று கொள்ளலாம். அது சொல்லாவிட்டால் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று எஞ்சினை இயக்கும் அந்தக் கணினிக்குத் தெரியாது; தீப்பொறியும் வராது, பெட்ரோலும் பாயாது. என் காரில் இருந்தது காந்தச்சுருள் வகை உணரி. மெக்கானிக் அதைக் கழற்றி, மின் இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரில் மாட்டி, முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கினார். சூடேறியதும் சுருளின் இணைப்பு அறுந்தது, ஆறியதும் சேர்ந்துகொண்டது. பணிமனையில் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் அதுவே விடை.

பம்பு தளர்ந்தாலோ வடிகட்டி அடைத்தாலோ எஞ்சின் பெரும்பாலும் இப்படிப் போவதில்லை. இழுவை குறைந்து, திணறி, பிறகே அடங்கும். இந்த வேறுபாடுதான் பழுது காண்பதன் முதல் படி. நம் சொல்லும் அதைக் காட்டவேண்டும்.

இடைநிற்றல் என்று ஒரு நண்பர் தந்தது நல்ல சொல். ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் படிப்பு அதை எடுத்துக்கொண்டுவிட்டது. முடக்கம் என்றால் திரும்ப ஓடாது என்று தோன்றும். என் பரிந்துரை இடையணைதல். விளக்கு அணைந்தது என்பதுபோல எஞ்சின் அணைந்தது. அணைத்தேன் என்றால் நான் செய்தது, அணைந்தது என்றால் தானாக நேர்ந்தது. விபத்து அறிக்கையில் இந்த ஓரெழுத்து (த்/ந்) வேறுபாடு எவ்வளவு பயன்படும் என்று எண்ணிப்பாருங்கள். இதன்கீழ் இரண்டு வகை: மின்வெட்டுப்போல் ஒரே நொடியில் போவது வெட்டணைதல், மூச்சுமுட்டிப் போவது திணறணைதல்.

குளச்சல், முட்டம் பக்கத்து ஆட்டோக்களில் உப்புக்காற்று பட்டு எர்த் முனைகளில் (மின்சுற்றை வண்டியின் உடலோடு இணைக்கும் முனைகளில்) பச்சைக் களிம்பு ஏறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பள்ளத்தில் குலுங்கியதும் அந்தத் தொடர்பு விட்டுப்போனால் அதுவும் வெட்டணைதல்தான். (களிம்பு என்ற சொல்லை மருந்துக்கடைக்கு மட்டும் விட்டுவிடாமல், செம்பின் பச்சைக்கும் கையேட்டில் காப்பாற்றவேண்டும்.)

அணைவு என்று சுருக்கலாமே என்று கேட்பீர்கள். வேதியியல் பாடநூலில் அணைவுச் சேர்மம் இருக்கிறது, மாணவன் குழம்புவான். ஆகவே -தல் ஈற்றோடு இடையணைதல் என்றே இருக்கட்டும். திணறணைதல் மட்டும் என் நாவில் இன்னும் சற்று இடறுகிறது. திணறியணைதல் என்று விரித்தால் சரளமாக வருகிறதா என்று, இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.